சைக்கிளுக்குப் பின்னால் வந்த கூரை

ரசமட்டம் வெட்டவெளியில் படுத்த முதல் நாளன்று, அவருடைய வீட்டுக் கூரை சுவர்களை விட்டு எழுந்து, தண்ணீர்த் தொட்டியும் கொடியில் காய்ந்துகொண்டிருந்த போர்வைகளுமாக நகர எல்லையைத் தாண்டிப் போய், நெடுஞ்சாலை எடைமேடைக்குப் பின்னால் அவர் விரித்திருந்த பாய்க்கு மேலே நின்றது. அந்த வாரம் சிமெண்டு விலை ஏறியிருந்ததால் ஊரில் கூரையைவிட அந்த விலையைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். ஓட்டுக் கூரையாகவோ தகரக் கூரையாகவோ இருந்திருந்தால் காற்றின்மேல் பழியைப் போட்டிருக்கலாம். இது காங்கிரீட். கம்பி கட்டும்போதும் கலவை போடும்போதும் அவரே பக்கத்தில் நின்று, தண்ணீர் கட்டி ஊறவைத்துப் போட்ட தளம். புயலுக்கே அசையாது என்று தெருவெல்லாம் சொல்லிவைத்திருந்தார். புயலுக்கு அது அசைந்ததில்லை என்பதும் உண்மைதான்.

ரசமட்டம் என்பது கொத்தனார்கள் அவருக்கு வைத்த பெயர். சுவரும் தரையும் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்க அவர்கள் கையில் வைத்திருக்கும் கருவி அது. கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு குமிழி அசைந்து மட்டம் காட்டும். நகராட்சியில் கட்டட ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்ற இவரிடம் அந்தக் குமிழிகூட அசைந்து யாரும் பார்த்ததில்லை. முதுகு நேர், நடை நேர், பேச்சும் நேர். குடும்பம் அப்படி. எந்த வகையில் பெரிய குடும்பம் என்று கேட்டால் காட்டுவதற்கு நிலமோ பதவியோ இருந்ததில்லை. ஆனால் ஒரு வழக்கம் இருந்தது. இந்த வீட்டு ஆண்கள் பிறர் கூரைக்குக் கீழே இரவு தங்குவதில்லை. அவருடைய அப்பா கல்யாணத்தன்றே பெண்வீட்டிலிருந்து கடைசி பஸ் பிடித்துத் திரும்பிவிட்டார். மணப்பெண் மறுநாள் காலை பஸ்ஸில் தனியாக வந்து சேர்ந்தாள். பெரியப்பா மருத்துவமனையில் சேர்த்த அன்று மாலையே கட்டிலை வெளி மரத்தடிக்குத் தள்ளச் சொல்லி, அங்கிருந்தபடியே குணமானார். வழக்கம் எதனால் வந்தது என்று யாருக்கும் தெரியாது. காரணம் தெரியாத வழக்கத்தை எந்தக் காரணம் சொல்லி விடுவது என்பதும் தெரியாமல், தலைமுறை தலைமுறையாக நிமிர்ந்து நின்றார்கள்.

இந்த நிமிர்வு இடித்த இடம் ஒன்றே ஒன்று. அவருடைய ஒரே மகளைக் கல்யாணம் செய்துகொடுத்தது துறைமுக ஊரில். மாப்பிள்ளை அங்கே கிரேன் ஓட்டுகிறவர். காலையில் புறப்பட்டாலும் பஸ் மாறிப் போய்ச் சேர நள்ளிரவாகிவிடும். அன்றே திரும்ப முடியாது. ஆகவே அவர் மகள் வீட்டுக்கு ஒருமுறைகூடப் போனதில்லை. மனைவி மட்டும் போய்விட்டு வருவாள். ஆரம்பத்தில் ஒவ்வொரு முறையும் "அப்பா வரலையா?" என்று மகள் கேட்டாளாம். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டாள். மனைவி இதை ஊர்ச் செய்தி சொல்வதுபோல் சொல்லிவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டாள். ரசமட்டம் அன்றைக்குச் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். மகள் கேட்டுக்கொண்டிருந்த வரையில் வராமலிருப்பதில் ஒரு கம்பீரம் இருந்தது. கேட்க ஆளில்லாத பிறகு அது வெறும் வராமலிருத்தல்.

ஓய்வு பெற்றவருக்கு யோசிக்க நேரம் உண்டு. யோசித்ததில் ஒரு வழி கிடைத்தது. பிறர் கூரைதானே கூடாது? வானம் யாருடைய கூரையும் இல்லை. ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் கூரை உண்டு, அதுவும் பிறருடையது. இரவுப் பயணம் அதனால் தள்ளுபடி. மிச்சம் இருந்தது சைக்கிள். பகலில் மிதித்து, பொழுது சாயும்போது வெட்டவெளியில் படுத்து, விடிந்ததும் மறுபடி மிதித்தால் குடும்ப மானத்தில் ஒரு கீறல் விழாமல் துறைமுக ஊர் போய்விடலாம். மகளைப் பார்க்க ஏங்குகிறார் என்று ஊர் பேசக் கூடாது என்பதற்காக, முழங்காலுக்கு டாக்டர் சொன்னார் என்று சொல்லி ஒரு சைக்கிள் வாங்கினார். டாக்டர் அப்படி எதுவும் சொல்லவில்லை. முதுகை வளைக்க மனமில்லாமல் ஹேண்டில்பாரை உயர்த்தி வைக்கச் சொன்னதில், அவர் சைக்கிளில் போவது நாற்காலியில் உட்கார்ந்து ஆட்களைக் கூப்பிட்டு விசாரிப்பதுபோல் இருந்தது.

சாப்பாட்டு மேசைமேல் வரைபடத்தை விரித்துத் திட்டம் போட்டார். கட்டட வரைபடத்தைப் பார்த்த அதே கண்தான். எங்கே தண்ணீர் கிடைக்கும், எங்கே மேடு ஏற வேண்டும் என்பதெல்லாம் இரண்டாம் பட்சம். படுக்கும் இடம் விதிப்படி இருக்க வேண்டும். சாலையிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். மழைத் தண்ணீர் ஓட சாய்வு வேண்டும். காற்று ஒரு பக்கம் வந்து மறுபக்கம் போக வேண்டும். புறம்போக்காக இருக்கக் கூடாது, தனியார் நிலமாகவும் இருக்கக் கூடாது. "இப்படி ஒரு இடம் கிடைச்சா நானே அங்க வீடு கட்டிப்பேனே," என்றாள் மனைவி. பணியில் இருந்த காலத்தில் பூங்காவிலும் கடை வாசலிலும் படுத்தவர்களை எழுப்பி விரட்டும்போது அவர் சொன்ன விதிகள்தான் இவை என்பது அவளுக்கு நினைவிருந்தது. அவருக்கும் நினைவிருந்தது. ஒத்திகைக்காக முதல் நாள் எடைமேடைக்குப் பின்னால் பாயை விரிக்கும் முன்பு சுற்றுமுற்றும் பார்த்து, தன்னை எழுப்ப யாரும் வரமாட்டார்கள் என்று உறுதி செய்துகொண்டார்.

வந்தது கூரைதான். ஓர் ஆள் கை தூக்கினால் தொடும் உயரத்தில் நின்றது. அடிப்பக்கத்தில் அவர் வீட்டு மின்விசிறியே தொங்கியது, சுற்றவில்லை. விடிந்து அவர் பாயைச் சுருட்டியதும் எழும்பி, மின்கம்பிகளைக் கண்டால் ஒருபக்கம் சாய்ந்து வழிவிட்டு, வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. அவர் வீடு திரும்பியபோது மனைவி பல் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"நேத்து சாயங்காலம் வீட்டுல இருந்து ஏதாவது கிளம்புச்சா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"கூரை போச்சு. உங்க கூட வந்திருக்கும்னு நினைச்சேன்."

"பயமா இல்லையா உனக்கு?"

"கூரை போனதுக்கா? குழாய்ல தண்ணி வரலைங்க. அதுதான் கஷ்டம்."

பிளம்பர் வந்து தொட்டிக் குழாயைக் கழற்றி மாட்டும்படி செய்துகொடுத்தார். முதலில் ரசமட்டத்துக்கு உள்ளூரப் பெருமையாகத்தான் இருந்தது. இந்தக் குடும்பத்து ஆண் எங்கே படுத்தாலும் சொந்தக் கூரைக்குக் கீழேதான் படுக்கிறான் என்றால் எத்தனை பேருக்கு அமையும்? பயிற்சிக்காக மேலும் பல மாதங்கள் சுற்றுவட்டாரமெல்லாம் மிதித்துப் போய், கல்குவாரி ஓரத்திலும் மூடிய செங்கல் சூளைக்குப் பக்கத்திலும் படுத்தார். கூரை தவறாமல் வந்தது. பக்கத்து வீட்டு மருந்துக்கடைக்காரர் மாலையில் தலைக்கு மேலே அது போவதைப் பார்த்து, "அண்ணன் இன்னைக்கு வடக்கால படுத்துட்டாரு போல," என்று சொல்லிவிட்டு ஷட்டரை இறக்குவார். மனைவி திறந்த வீட்டுக்குள் கட்டிலில் படுத்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் தூறல் போட்டது. மருந்துக்கடைக்காரர் மனைவி தங்கள் வீட்டுக்கு வந்து படுக்கச் சொல்லி அழைத்தாள். ரசமட்டம் போனிலேயே மறுத்துவிட்டார். வழக்கம் ஆண்களுக்குத்தான் என்றாலும், வீட்டுக்காரி பக்கத்து வீட்டில் போய்ப் படுத்தாள் என்றால் என்ன பேசுவார்கள்?

"சரிங்க," என்றாள் மனைவி. "உங்க மானம் உங்க கூடவே வந்துடுது. நான்தான் நனையறேன்." சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டாள்.

பெரிய பயணத்தை மழைக்காலத்துக்கு வெகுமுன்னால் தொடங்கினார். சாதாரண மனிதர் மூன்று நாளில் மிதித்துவிடும் தூரம். ஆனால் அவர் போட்ட விதிகளுக்கு வழியில் எந்த இடமும் எளிதில் தேறவில்லை. நல்ல புல்தரையைச் சாய்வு போதாது என்று விட்டார். ஆற்று மணலைக் கரையிலிருந்து போதிய தூரம் இல்லை என்று விட்டார். அருமையான ஒரு மாந்தோப்பில் தோட்டக்காரர் தாமே முன்வந்து, "இங்க படுத்துக்கங்க பெரியவரே, காத்து நல்லா வரும்," என்றதால், கேட்டு வாங்கியதுபோல் ஆகிவிடும் என்று அதையும் விட்டார். வந்த வழியில் முன்பே பார்த்துவைத்த இடத்துக்கே திரும்ப மிதித்துப் போய்ப் படுத்த நாட்களும் உண்டு. முன்னே போனதைவிடப் பின்னே போனது அதிகமோ என்று அவருக்கே சந்தேகம் வந்தது. ஆனால் விதி விதிதான். கடைசியில் துறைமுக ஊருக்குள் நுழைந்தபோது கடல் பக்கம் கருத்திருந்தது. மழைக்காலமும் அவரும் ஒரே நாளில் வந்து சேர்ந்தார்கள்.

மகள் வாசலில் நின்றவரைப் பார்த்தாள். கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, சைக்கிளை வாங்கிச் சுவரில் சாய்த்தாள். அவர் படியில் உட்கார்ந்து டீ குடித்தார். நல்ல டீ. பொழுது சாய்ந்ததும் எழுந்து, பாயை அக்குளில் இடுக்கிக்கொண்டு எதிரில் இருந்த காலி மைதானத்தைப் பார்த்தார்.

"எங்கப்பா போறீங்க?"

"அந்த இடம் பரவாயில்லம்மா. சாய்வு இருக்கு. காலைல வந்து பேசறேன்."

"இத்தனை வருஷம் கழிச்சு வந்து மைதானத்துலயா படுக்கப் போறீங்க? தெருவுல எல்லாரும் என்ன நினைப்பாங்க? மாமனாரை உள்ள விடலைன்னு இவரைத்தான் பேசுவாங்க."

இது அவர் யோசிக்காத கோணம். தன் மானத்தைத் தூக்கிக்கொண்டு வந்தவர், மற்றவர்களுக்கும் அப்படி ஒன்று இருக்கும் என்பதை வரைபடத்தில் எங்கும் குறிக்கவில்லை. ஆனாலும் கால்கள் பழக்கத்தில் நடந்து மைதானத்துக்குப் போய்விட்டன. படுத்தார். சற்று நேரத்தில் கூரை மேகத்துக்கும் கிரேன்களுக்கும் நடுவே தெரிந்தது. இவ்வளவு தூரம் அது வந்ததே இல்லை, களைத்துத் தள்ளாடியது. வேலை முடிந்து வந்துகொண்டிருந்த மாப்பிள்ளை நின்று பார்த்தார். "மாமா, லோடு சாயுது!" என்று கத்திக்கொண்டே மைதானத்துக்குள் ஓடி வந்து, கிரேன் ஓட்டுகிறவர்களுக்குக் கீழே நின்று காட்டும் சைகைகளைக் காட்டி, இடது, இன்னும் இடது, போதும், இறக்கு என்று கூரையை நேராக நிறுத்தினார். அப்புறம்தான் குனிந்து, "வாங்க மாமா. நல்லா இருக்கீங்களா?" என்றார்.

மழை பிடித்துக்கொண்டது. மகள் குடையோடு வந்து, போனில் அம்மாவைக் கூப்பிட்டு, அப்பாவுக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தப் பக்கமும் மழைதான். பாத்திரங்களிலும் தரையிலும் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது.

"எங்கம்மா இருக்கே?"

"சாப்பாட்டு மேசைக்கு அடியில. அப்பா வந்துட்டாரா?"

"வந்துட்டாரு. நீ பக்கத்து வீட்டுக்குப் போம்மா. ஜன்னி வந்துடும்."

"எதுக்கு? அப்பாவுக்குக் குடும்ப மானம் போயிடுமாம். அவருக்கு மேல கூரை இருக்கா?"

"இருக்கு."

"அப்ப சரி," என்று சொல்லி மனைவி போனை வைத்துவிட்டாள்.

ரசமட்டம் எழுந்து உட்கார்ந்தார். கூரையைப் பார்த்து, "போ," என்றார். அது போகவில்லை. அனுமதியில்லாத கட்டடங்களுக்கு முன்னால் நின்று பேசும் அலுவலகக் குரலில், உடனே அகற்றும்படி உத்தரவிட்டார். அந்தக் குரலுக்குப் பயந்து எத்தனையோ சுவர்கள் இடிந்திருக்கின்றன. இது அவரே போட்ட தளம், அசையவில்லை. விடிந்துவிட்டதுபோல் பாயைச் சுருட்டிக் காட்டினார். விடியவில்லை என்பது அதற்குத் தெரிந்திருந்தது. மகள் குடையை மடக்கினாள். உள்ளே வாருங்கள் என்று ஒரு முறை அவள் சொல்லியிருந்தால், அழைத்தார்கள் போனேன் என்று குடும்பத்துக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருப்பார். அவள் சொல்லவில்லை. கேட்பதை எப்போதோ நிறுத்திவிட்டவள்.

இந்தக் குடும்பத்தில் யாரும் யாரிடமும் கேட்டுப் பழக்கமில்லை. அதனால் அவருக்கு வார்த்தை சரியாக வரவில்லை.

"மாப்பிள்ளை," என்றார். "உங்க வீட்டுல... உள்ள எனக்குப் படுக்க இடம் இருக்குமா?"

"என்ன மாமா கேக்கறீங்க?" என்று மாப்பிள்ளை பாயை வாங்கிக்கொண்டார். மகள் முந்திப் போய்க் கட்டிலில் கிடந்த துணிகளை ஒதுக்கினாள். உள்ளே நுழையும்போது நிலையில் தலை இடித்தது. வாசற்கால் உயரம் விதிப்படி இல்லை என்று சொல்லத் திரும்பியவர், மகள் தலையணைக்கு உறை மாட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து, நல்ல தேக்கு என்று சொன்னார். அது தேக்கும் இல்லை.

அவர் கட்டிலில் கால் நீட்டியதும் மைதானத்துக் கூரை சிறிது நேரம் காலி இடத்துக்கு மேலேயே நின்றது. மாப்பிள்ளை மழையில் நனைந்தபடி அதற்குக் கையைக் காட்டினார்: தூக்கு, பின்னால் வா, திரும்பு. அது போய்விட்டது. எந்த வழியாகப் போனதோ, மகள் சமையலை முடித்துத் தட்டு வைக்கும் முன்பே மனைவியிடமிருந்து போன் வந்துவிட்டது.

"வந்துடுச்சு. உக்காரும்போது மாறிடுச்சு போல, பின்னால இருந்த தொட்டி இப்ப முன்னால இருக்கு. நீங்க எங்க இருக்கீங்க?"

"உள்ள," என்றார் ரசமட்டம்.

அந்தப் பக்கம் மழைச் சத்தம், இந்த முறை கூரைக்கு மேலே கேட்டது.

அவர் அங்கே மழைக்காலம் முழுவதும் தங்கினார். மாப்பிள்ளை வீட்டு வாசல் நிலையில் இடித்து இடித்து நெற்றியில் ஒரு தழும்பு ஏற்பட்டது. குடும்பத்தில் அது போரில் பட்ட தழும்புபோல் பேசப்படுகிறது. பிளம்பர் குழாயை முன்பக்கத்துக்கு மாற்றினார். வரி போட வந்தவர் கூரையைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, பழைய வரியையே போட்டுவிட்டுப் போனார். அடுத்த கோடையில் மனைவியும் ஒரு சைக்கிள் வாங்கிக்கொண்டாள். படுக்கும் இடத்தை இப்போது அவள்தான் தேர்ந்தெடுக்கிறாள். மாந்தோப்புக்காரர் அவரை மறந்திருக்கவில்லை. மழை வந்தால் ஏதாவது ஒரு வீட்டில் கேட்டுப் படுத்துக்கொள்கிறார்கள். கோடையென்றால் வெட்டவெளிதான். கூரை வரும், காலையில் அதன் கொடியில் துணியை உலர்த்திவிட்டு மிதிப்பார்கள். கிளம்பும் அன்று ரசமட்டம் வாசற்கதவைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, சாவியை மருந்துக்கடைக்காரரிடம் கொடுப்பார். அவரும் வாங்கி, பத்திரமாகக் கல்லாவுக்குள் வைப்பார்.