சிலம்பரசனின் மெஸ் கட்

அம்சவள்ளியின் மகன் சிலம்பரசன் சென்னைப் பக்கம் ஒரு கல்லூரியில் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறான். பணத்தை எப்படி மிச்சம் பிடிப்பது என்று ஊருக்கே பாடம் எடுக்கும் அளவுக்கு முன்னேறிவிட்டான். ‘சிக்கன சிலம்பு’ என்று பெயர் வைத்து ரீல்ஸ் போடுகிறான். எண்ணூறு பேர் பார்க்கிறார்களாம். மரக்காணத்தில் எங்கள் தெருவில் அதைப் பார்க்காத ஒரே ஆள் அவன் அம்மாதான். அவளிடம் இருப்பது பட்டன் போன்.

அவன் கண்டுபிடித்த புதையலுக்குப் பெயர் மெஸ் கட். தொடர்ந்து நான்கு நாள் சாப்பிட மாட்டேன் என்று விடுதியில் எழுதிக் கொடுத்தால், மெஸ் பில்லில் நாளுக்கு நூற்றுப் பத்து ரூபாய் கழித்துக்கொள்வார்கள். மற்ற பையன்கள் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் எழுதிக் கொடுப்பார்கள். இவன் எங்கள் வட்டாரத்து விசேஷங்களுக்கெல்லாம் எழுதிக் கொடுத்தான். வியாழக்கிழமை சாயங்காலம் வந்து இறங்கினால் திங்கள்கிழமை இரவுதான் பஸ் ஏறுவான். பெருமுக்கலில் கல்யாணம், கிளியனூரில் காதுகுத்து, அனுமந்தையில் ஜான்சன் வீட்டுப் புதுமனை புகுவிழா. பதினாறாம் நாள் காரியத்துக்குக்கூட முதல் பந்தி. மொய் எழுதும் மேஜை மட்டும் ஒருநாளும் அவன் கண்ணில் பட்டதில்லை.

ஒரு கல்யாணத்தில் பக்கத்து வீட்டு ஜெயா பாயசம் ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

“ஏம்பா சிலம்பு, நீ பொண்ணு வீடா, மாப்ள வீடா?”

“எந்த வீடா இருந்தா என்னக்கா? அப்பளம் ஒன்னு வைங்க.”

வரப்போக பஸ் காசு? அதை அம்மா கொடுக்கிறாள். ஆகவே அது செலவே இல்லை. பி.காமில் அப்படித்தான் சொல்லித் தருகிறார்கள் போலும்.

அந்த அம்மா அளத்தில் உப்புக் கூடை சுமக்கிறவள். ஐப்பசி மழை இறங்கிவிட்டால் அளத்தில் வேலை கிடையாது. மகன் அவளையும் விட்டுவைக்கவில்லை.

“ம்மா, அளத்துல டெய்லி ரெண்டு டீ குடிக்கிற. இருபது ரூபா. மாசத்துக்கு ஐந்நூறு ஆவுது, யோசிச்சுப் பாத்தியா?”

அவளும் யோசித்தாள். மறுநாளிலிருந்து டீக்காரர் சைக்கிள் வந்தால் முதுகைத் திருப்பிக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துகொண்டாள். அந்த ஐந்நூறும் மகனுக்கே போனது. “எம் புள்ள கணக்குல புலி” என்று தெருக்குழாயில் பெருமை வேறு. கேட்டுத் தொலைத்தோம்.

ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை புலி மெஸ் கட்டில் சேர்த்தது நாலாயிரத்து நானூறு. வெள்ளியும் திங்களும் கல்லூரியில் வகுப்பும் நடக்கும் என்பது மட்டும் அதன் கணக்கில் வரவில்லை. அக்டோபரில் வருகைப் பட்டியல் ஒட்டினார்கள். பரீட்சை எழுத எழுபத்தைந்து சதவீதம் வேண்டும், இவனுக்கு எழுபதுதான். ஹால் டிக்கெட் கிடையாது என்றார்கள். எழுதாவிட்டால் இதே செமஸ்டரை அடுத்த வருஷம் ஜூனியர்களோடு உட்கார்ந்து மறுபடி படிக்க வேண்டும், மறுபடி பதினெட்டாயிரம் கட்ட வேண்டும்.

உடம்பு சரியில்லை என்று டாக்டர் சர்ட்டிபிகேட் கொடுத்தால் மன்னிப்பு உண்டாம். செப்டம்பர் முழுக்க டைபாய்டு என்று ஒன்றை வாங்கினான். ஐந்நூறு கேட்டதை நானூறுக்குப் பேசி முடித்தானாம். வீட்டிலிருந்தும் ஆள் வர வேண்டும் என்றதால் அம்சவள்ளி ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, துணைக்கு ஜெயாவையும் இழுத்துக்கொண்டு போனாள். ஜெயா போனால் நாமே போன மாதிரிதான்.

துறைத் தலைவர் ஓர் அம்மையார்.

“பையனுக்கு டைபாய்டாம்மா?”

“ஆமாங்க மேடம். மாசம் பூரா கஞ்சிதாங்க” என்று சொல்லிக் கொடுத்ததை அம்சவள்ளி ஒப்பித்தாள்.

மேடம் தன் போனை அவள் பக்கம் திருப்பி வைத்தார். அதில் சிலம்பரசன், இலைக்கு முன்னால், கையில் நல்லி எலும்போடு. பின்னால் ஜான்சன் வீட்டு பேனரில் செப்டம்பர் பதின்மூன்று என்று தேதி கொட்டை எழுத்தில். “ஹாய் பிரண்ட்ஸ், இன்னிக்கி சாப்பாட்டுச் செலவு ஜீரோ!”

“உங்க ஊர்ல கஞ்சியில எலும்பு போடுவீங்களா?”

ஜெயா சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். ரீல் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. “வீட்லயும் செலவக் கொறைக்கணும் பிரண்ட்ஸ். எங்கம்மா டீயவே கட் பண்ணிட்டேன். மாசம் ஐந்நூறு! பாவம், டீய பாத்தா மூஞ்சத் திருப்பிக்குது.” சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு.

“இன்னொரு தபா போடுங்க மேடம்” என்றாள் அம்சவள்ளி. மேடம் போட்டார். அவள் கண் சிமிட்டாமல் பார்த்துவிட்டு எழுந்துகொண்டாள்.

“எம் புள்ளைக்கு டைபாய்டு இல்லீங்க. நாங்க வர்றோம்.”

“ம்மா, ம்மா, எக்ஸாம்மா!” என்று அவன் பின்னால் ஓடினான். அந்த வாய்ப்பு அதோடு போயிற்று.

மூன்று பேரும் ஊர் வந்து இறங்கினார்கள். பஸ் ஸ்டாப் எதிரில் டீக்கடை. அம்சவள்ளி நேராகப் போய், “ரெண்டு டீ போடுப்பா” என்றாள். ஒன்றை ஜெயாவிடம் நீட்டினாள். இன்னொன்றுக்குப் புலி கை நீட்டியது.

“உனக்கு மெஸ் கட்டுடா” என்று சொல்லிவிட்டு அவளே ஊதிக் குடித்தாள்.

குடித்து முடித்து, இன்னொரு டீயும் சொன்னாளாம். சர்க்கரை தூக்கலாக.