மகள் இருந்த வகுப்பு

எலோய்சா கார்தெனாஸ் பகலில் பீச் பழம் பொதியும் ஷெட்டில் நின்றுகொண்டே வேலை செய்வாள். மாலையில் கம்யூனிட்டி காலேஜ். பருவத்துக்கு ஒரு பாடம், முடிந்தால் இரண்டு. மகள் நயேலி எழுத்துக்கூட்டிப் படித்த காலத்தில் தொடங்கிய படிப்பு, அவள் உயர்நிலைப் பள்ளிக்குப் போன பிறகுதான் முடிந்தது. அதன் பின் வேதியியல் ஆசிரியை ஆவதற்காக நகரத்துப் பல்கலைக்கழகத்துக்கு மாறினாள்.

முதல் நாள் ஆய்வகத்தில் ஒரு பையன் அவளிடம் வந்து, "மேடம், கண்ணுக்குப் போடுற பாதுகாப்புக் கண்ணாடி எந்த அலமாரில இருக்கு?" என்றான். அவளைச் சொல்லித்தர வந்தவள் என்று நினைத்துவிட்டான்.

"நானும் ஸ்டூடண்ட்தான் தம்பி" என்றாள். காது வரை சூடேறியது. பழைய காலேஜில் பாடுபட்டுத் தேறிய ஒரு பாடத்தை இங்கே ஏற்றுக்கொள்ளாமல் மறுபடி எழுதச் சொன்னதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த ஆண்டு ஆசிரியப் பயிற்சிக்காக அவளுக்கு ஒரு பள்ளியை ஒதுக்கினார்கள். அது நயேலி படிக்கும் பள்ளி. போதாததற்கு, நயேலி இருக்கும் வகுப்பு. பல்கலைக்கழகத்தில் சொன்னால் மாற்றித் தந்திருப்பார்கள். ஆனால் வீட்டுக்குப் பக்கம், பெட்ரோல் மிச்சம் என்று எலோய்சா வாயைத் திறக்கவில்லை.

"அம்மா, ப்ளீஸ்" என்றாள் நயேலி. "நீ என் அம்மான்னு யாருக்கும் தெரியக் கூடாது."

"உன் பேர்ல உங்கப்பா குடும்பப் பேர்தானே இருக்கு. யாருக்குத் தெரியப் போவுது?"

"நீ பேசுனா தெரியும்."

எலோய்சா சிரித்து மழுப்பினாள். மனசுக்குள் அது குத்தியது.

வகுப்பாசிரியர் பெட்ரோசியன் நல்ல மனிதர். முதல் சில வாரம் அவளைப் பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்கச் சொன்னார். பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை பாடத்தை முழுதாக அவள் கையில் விட்டுவிட்டு, தான் போய்ப் பின்னால் உட்கார்ந்துகொண்டார்.

நன்றாகத்தான் தொடங்கினாள். தனிமங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தபோது அயோடின் என்பது அவள் வாயில் 'யோடின்' என்று வந்தது. பன்னிரண்டு வயதில் எல்லை தாண்டி இந்த நாட்டுக்கு வந்தவளின் நாக்கு, தாய்மொழியின் சாயலை விடவில்லை.

"யோடின்!" என்றான் நடுவரிசையில் இருந்த எஃப்ரெய்ன். "மிஸ், யோடின்னா என்ன மிஸ்? டாக்கோ ரொட்டில வச்சுச் சாப்பிடலாமா?"

வகுப்பு வெடித்தது. எஃப்ரெய்ன் வீட்டிலும் அப்படித்தான் பேசுவார்கள். அவன் அம்மாவை எலோய்சாவுக்கு ஷெட்டில் தெரியும். அதனால் அவன் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. ஜன்னலோரம் பார்த்தாள். நயேலியும் சிரித்துக்கொண்டிருந்தாள். கையால் வாயை மூடிக்கூடச் சிரிக்கவில்லை. பக்கத்துப் பெண்ணின் தோளில் சாய்ந்து, மற்ற எல்லாரையும் போல.

எலோய்சா பலகைப் பக்கம் திரும்பி ஒரு கணக்கு எழுதினாள். முப்பத்தாறு கிராம் தண்ணீரில் எத்தனை மோல்? எழுதும்போதே அவளுக்குத் தெரியும். முந்தின இரவு சாப்பாட்டு மேசையில் நயேலி இந்த மாதிரிக் கணக்கைப் பார்த்து, "எனக்கு மண்டையில ஏறவே மாட்டேங்குது" என்று அழாத குறையாகச் சொல்லியிருந்தாள்.

"நயேலி ரெந்தெரியா. எழுந்து வந்து போடு."

நயேலி அசையவில்லை.

"சிரிக்கத் தெரியுதில்ல? வா."

நயேலி வந்தாள். மார்க்கர் பேனாவைப் பிடித்தபடி பலகையையே பார்த்துக்கொண்டு நின்றாள். 36 என்று எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள். வகுப்பு அடங்கிப்போனது. எலோய்சா உதவியிருக்கலாம். ஒரு மோல் தண்ணீரின் எடையை எடுத்துக்கொடுத்திருந்தால் போதும். கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"அம்மா, வேணாம்மா" என்றாள் நயேலி, மெதுவாக.

மெதுவாகத்தான் சொன்னாள். முன்வரிசைக்குக் கேட்டுவிட்டது.

"அம்மாவா?" என்றது ஒரு குரல். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. நயேலி பேனாவை வைத்துவிட்டு, பையைக்கூட எடுக்காமல் வெளியே போனாள்.

மணி அடித்த பிறகு பெட்ரோசியன் கதவைச் சாத்தினார். "அவளுக்குத் தெரியாதுன்னு தெரிஞ்சேதான் கூப்பிட்டீங்களா?"

நாக்கு நுனி வரை ஒரு பொய் வந்தது. "ஆமா" என்றாள்.

அவர் நாற்காலிகளை ஒழுங்குபடுத்தத் தொடங்கினார். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று அவளுக்குத் தோன்றியது. கார் நிறுத்துமிடத்தில் மகளின் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஷெட்டில் மேஸ்திரி ஒருத்தி எல்லார் முன்னாலும் அவள் பெட்டியைக் கவிழ்த்து, நசுங்கிய பழத்தைத் தூக்கிக் காட்டிய நாள் நினைவுக்கு வந்தது. அந்தப் பெண்ணை அவள் எத்தனை வருஷம் வெறுத்திருக்கிறாள்! இத்தனை படித்து வந்து நின்ற இடம் அதுதானா?

மறுநாள் வகுப்பின் முன்னால் நின்று சொன்னாள். "நேத்து நான் ஒரு மாணவியைச் சொல்லித்தர்றதுக்காகக் கூப்பிடல. கோபத்துல கூப்பிட்டேன். அது தப்பு. அவகிட்ட மன்னிப்புக் கேக்கறேன்." எஃப்ரெய்ன்கூடத் தலையைக் குனிந்துகொண்டான். இரண்டு பெண்கள் கை தட்டினார்கள். நயேலி மேசையைப் பார்த்தபடியே இருந்தாள்.

அன்று மாலை நயேலி சமையலறைக்கு வந்து நின்றாள்.

"நான் வேற டீச்சர் வகுப்புக்கு மாறிட்டேன்."

"இன்னைக்குத்தான் எல்லார் முன்னாடியும்..."

"அதான்மா. எல்லார் முன்னாடியும்." நயேலியின் கண் நிறைந்தது. "நேத்து என்னை நிக்க வச்ச. இன்னைக்கும் நிக்க வச்ச. அவங்க உனக்குக் கை தட்டுனாங்க. எனக்கு யாரு தட்டுனா?"

கை தட்டியபோது எலோய்சாவுக்கு மனசு கொஞ்சம் லேசானதும், அதை அவள் ரசித்ததும் உண்மை. நேற்றைய வெட்கத்தைவிட இது பெரிதாக வந்து நெஞ்சில் உட்கார்ந்தது.

"உன்கிட்ட மட்டும்தான் சொல்லியிருக்கணும்" என்றாள் கடைசியில்.

"ஆமா."

"நேத்து நீ அவமானப்பட்டதுக்கு நான்தான் காரணம்மா. நீ சிரிச்சதுக்காக உன்னைக் கஷ்டப்படுத்தணும்னே செஞ்சேன்."

நயேலி அங்கிருந்து போகவில்லை. அடுப்பில் பீன்ஸ் அடிப்பிடிக்கும் வாசனை வந்தது. நயேலி எட்டித் தீயைக் குறைத்தாள்.

"நான் சிரிச்சிருக்கக் கூடாது" என்றாள் முதுகைக் காட்டியபடி. "ஆனா நான் மாறுறது மாறுறதுதான்."

"சரி" என்றாள் எலோய்சா.

பயிற்சியை அவள் விடவில்லை. வியாழக்கிழமை காலை பெட்ரோசியனின் வகுப்பில் ஜன்னலோர நாற்காலி காலியாக இருந்தது. அந்தப் பக்கம் பார்க்காமல் பாடம் நடத்த முயன்றாள். முடியவில்லை.