ஒட்டிக்கொண்ட இரண்டு தாள்

ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் அவளை எல்லாரும் வசனக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். சம்பளச் சீட்டு எழுதுகிறவருக்கே அவளுடைய சொந்தப் பெயர் சட்டென்று நினைவுக்கு வராது. யாருக்குத் தலைவலி, யார் வீட்டில் சண்டை, யாருடைய பிள்ளை பரீட்சையில் தோற்றது என்று எது நடந்தாலும் வசனக்காவிடம் அதற்கொரு வேத வசனம் இருக்கும். ஈரத்துணியை இஸ்திரி உருளைக்குக் கொடுத்துக்கொண்டே சொல்லிவிடுவாள்.

ஞானஸ்நானம் எடுத்த மறுநாள் விடியற்காலையில் வேதத்தைத் திறந்தவள். அன்றிலிருந்து நாளுக்கு நாலு அதிகாரம். பிள்ளை பெற்ற வாரத்திலும் விடவில்லை, காய்ச்சலிலும் விடவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு முப்பது வருஷம் ஆகிறது. சபையில் பத்து நிமிஷம் தன் அனுபவத்தைச் சாட்சியாகச் சொல்ல வேண்டும் என்று போதகர் கேட்டிருந்தார். அவளும் தலையாட்டியிருந்தாள்.

ஆனால் இந்த ஒரு வருஷமாக அவள் ஓய்ந்துபோயிருந்தாள். லாரி டிரைவரான புருஷன் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டு முன்னறைக் கட்டிலில் கிடந்தார். மகள் கல்யாணமாகித் தொலைவில் இருந்தாள். வீட்டு வேலை, வெளி வேலை, மாசத்தில் பாதி நாள் இரட்டை ஷிப்ட். காலை ஐந்து மணிக்குப் புருஷனுடைய காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து வேதத்தை எடுப்பாள். மனசுக்குள் படித்தால் கண் சொருகிவிடுகிறது என்று சத்தமாகவே படிப்பாள். அவருக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது, சபைப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. எழுந்து போக முடியாததால் கேட்டுக்கொண்டு கிடந்தார், அவ்வளவுதான்.

அந்த வியாழக்கிழமை அவள் பக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது அவர் கேட்டார்.

"ஏம்மா, அந்தப் பையன் என்ன ஆனான்?"

"எந்தப் பையன்?"

"அப்பனுக்கு எதிரா படை திரட்டிக்கிட்டுப் போனானே, தலைமுடி தலைமுடின்னு பெருசா சொன்னாங்களே, அவன். ராஜா ஊரை விட்டு ஓடினாரு, காட்டுல சோறு கொடுத்தாங்க. திடீர்னு பார்த்தா ராஜாவைத் திரும்பக் கூட்டிட்டு வர ஜனங்க பேசிக்கிறாங்க. பையன் எங்க போனான்?"

"அதான் நேத்து படிச்சோமே. செத்துட்டான்."

"படிக்கல."

"உங்களுக்கு நடுவுல தூக்கம் வந்திருக்கும்."

"தூக்கம் எனக்கா வந்துச்சு?" என்று அவர் சிரித்தார். "நாள் முழுக்க படுத்துக் கிடக்கிறவன்மா நான். தூங்க வேற நேரமா இல்ல?"

அவள் வெடுக்கென்று பக்கத்தைத் திருப்பிக் காட்டப்போனாள். காட்ட முடியவில்லை. வெங்காயத் தோல் மாதிரியான தாள். தைலக் கை பட்ட மூலையில் இரண்டு தாளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. நகத்தால் மெல்லப் பிரித்தாள். போர், மகனின் சாவு, மாடியறைக்கு ஏறிப்போய் அப்பன் அழுகிற இடம், எல்லாம் அதற்குள் இருந்தது. ஒரு பக்கத்தின் கடைசி வரியிலிருந்து, நடுவில் இரண்டு பக்கம் விட்டு, அடுத்த பக்கத்தின் முதல் வரிக்கு அவள் வாய் தடுக்காமல் தாவியிருக்கிறது. அங்கேயும் ராஜா, இங்கேயும் ராஜா, வாய்க்கு அது போதுமாக இருந்திருக்கிறது. நாலு அதிகாரம் முடிந்தது என்று வாசிப்புக் கணக்கு அட்டையில் அன்றைய கட்டத்தையும் அடித்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடியிருக்கிறாள்.

ஞாயிறு பள்ளிக்கூடத்துக் குழந்தைகூடக் கண்டுபிடிக்கும். முப்பது தடவைக்கு மேல் படித்தவளுக்கு ஒன்றுமே குறையாகத் தெரியவில்லை.

அன்று அவள் எதையும் படிக்கவில்லை. புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வேலைக்குப் போனாள்.

பெரிய விரிப்புகளை மடிக்க இரண்டு பேர் வேண்டும். எதிரெதிரே நின்று ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து உதறி, நடுவில் வந்து சேர்ந்து, மறுபடி விலக வேண்டும். அவளுக்கு ஜோடி சுருட்டை. சுருட்டை முடிக்காரி, அதைவிடச் சுருட்டையான வாய்.

"என்னக்கா, காலையிலேர்ந்து ஒரு வசனமும் வரல? ஸ்டாக் தீர்ந்துடுச்சா?"

வசனக்கா நடந்ததைச் சொன்னாள். சுருட்டை விழுந்து விழுந்து சிரித்ததில் விரிப்பின் முனை தரையில் பட்டது. அதை மறுபடி துவைக்கப் போட வேண்டியதாயிற்று.

"இதுக்கா மூஞ்சிய தூக்கி வெச்சிருக்க? முப்பது வருஷத்துல ரெண்டு பக்கம் குறைச்சல்னு சொல்லிட்டு உட்காரு. கை தட்டுவாங்க."

"பக்கம் இல்லடீ. படிக்கும்போது நான் அங்கே இல்ல. வாய் மட்டும் படிச்சிருக்கு. நேத்து மட்டும்தான் அப்படின்னு எனக்கு என்ன நிச்சயம்? நம்பிக்கை, அஸ்திவாரம்னு இத்தனை வருஷமா உங்ககிட்ட எல்லாம் பேசியிருக்கேன். என் வீட்டு அஸ்திவாரத்துல என்ன இருக்குன்னு எனக்கே தெரியல."

சுருட்டைக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. "அப்ப என்ன பண்ணப் போற?"

"நிறுத்திடலாம்னு பார்க்கிறேன். முடியலடீ. காலையில அந்த ஒரு மணி நேரம் தூங்கினாலாவது உடம்புக்கு ஆகும்."

மத்தியானம் போதகருக்குப் போன் போட்டாள்.

"பாஸ்டர், ஞாயித்துக்கிழமை என்னை விட்டுடுங்க. வேற யாரையாவது பேச வைங்க."

காரணத்தைக் கேட்டுக்கொண்ட போதகர் நல்ல மனிதர், அவசரக்காரர். "இவ்வளவுதானாக்கா? விட்டுப்போன ரெண்டு பக்கத்தை இன்னிக்கே படிச்சிடுங்க, சரியாப் போச்சு. உங்களைப் பார்த்துதான் நாலு பேர் வாசிக்கவே ஆரம்பிச்சிருக்காங்க. நீங்க பேசலைன்னா எப்படி?"

சரியாகப் போகவில்லை என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. "சரிங்க பாஸ்டர்" என்று வைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை. தைலம் தேய்த்து முடித்து, கட்டிலுக்குக் கீழே பாயில் சாய்ந்தாள்.

"என்ன, இன்னிக்குக் கடை திறக்கலையா?" என்றார் மேலேயிருந்து.

"தூக்கம் வருது. விடுங்க."

"அந்தப் பையன்?"

"செத்துட்டான்னு சொன்னேனே. மரத்துல தலை மாட்டிக்கிச்சு. தொங்கினவனைக் குத்திக் கொன்னுட்டாங்க."

"அப்படி மொட்டையாச் சொன்னா? ஒரு வாரமா கேட்டுட்டு வரேன். படிம்மா."

உங்களுக்கென்ன நம்பிக்கையா கிம்பிக்கையா என்று கேட்க வாய்வரை வந்தது. எழுந்து விளக்கைப் போட்டாள்.

நாலு வரி படிப்பதற்குள் அவர் நிறுத்தினார். ஏறிவந்த கோவேறு கழுதை, மரத்தில் மாட்டிக்கொண்டவனை விட்டுவிட்டு அதுபாட்டுக்குப் போய்விட்டது என்றதும், "வண்டி போயிடுச்சு, டிரைவர் தொங்குறான்" என்று கட்டில் அதிரச் சிரித்தார். அப்புறம் சேதி சொல்ல ஓடுகிறவர்களின் இடம் வந்தது. ஒருவனைத் தளபதியே அனுப்புகிறான். இன்னொருவன், எனக்கும் அனுமதி கொடு, நானும் ஓடுகிறேன் என்று நச்சரிக்கிறான். உனக்குச் சொல்ல நல்ல சேதி இல்லையே என்றாலும் கேட்காமல், சமவெளி வழியாக ஓடி முன்னவனை முந்திவிடுகிறான்.

"சமவெளி ரோடு சுத்துதான், ஆனா ஆக்சிலேட்டரை மிதிச்சுக்கிட்டே போகலாம். மேடு பள்ளத்துல போறவன் பின்னாடிதான் வருவான். இதை எழுதினவருக்கு ரோடு தெரிஞ்சிருக்கு" என்றார் அவர்.

அவள் விரல் அந்த வரியிலேயே நின்றது. முப்பது தடவைக்கு மேல் கடந்துபோன வரி. அதில் ஒரு பாதை இருந்ததே அவளுக்குத் தெரியாது.

மேலே படித்தாள். முதலில் வந்து சேர்ந்தவனிடம் ராஜா, பிள்ளை சுகமா என்று கேட்கிறார். ஏதோ பெரிய கலவரம் பார்த்தேன், என்னவென்று தெரியாது என்கிறான் அவன். ஒதுங்கி நில் என்கிறார் ராஜா.

"இவ்வளவு தூரம் எதுக்கு ஓடி வந்தான் அவன்?" என்று அவர் கேட்டார். "கேட்டுக் கேட்டு ஓடினான், முதல் ஆளா வந்தான். வாய் திறந்தா ஒண்ணும் இல்ல."

அவள் மறுபடி அந்த வரிக்கே போய்ப் படித்துப் பார்த்தாள். ஒன்றரை அதிகாரம்தான் முடிந்திருந்தது, ஆறரை மணி ஆகிவிட்டது. பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் போய் மேற்பார்வையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மேடையேறினாள். எழுதி வைத்திருந்ததைப் பேசவில்லை.

"முப்பது வருஷம்னு சொல்றாங்க. எத்தனை நாள் நான் முழிச்சிருந்து படிச்சேன்னு எனக்குத் தெரியாது. போன புதன்கிழமை நான் விட்டதை, சபைக்கே வராத என் வீட்டுக்காரர் கண்டுபிடிச்சாரு. அவர் ஒரு கேள்வி கேட்டாரு, எனக்குப் பதில் தெரியல. உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க. மகன் செத்த அன்னிக்கு ராஜாகிட்ட முதல்ல வந்து சேர்ந்த அந்த ஓட்டக்காரன் எதுக்கு ஓடினான்?"

போதகர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பின்வரிசைத் தையல்காரர் எழுந்து, பேர் வாங்கத்தான் ஓடினான் என்றார். அதெல்லாம் இல்லை, பயம் என்றாள் ஒருத்தி. நாலு பேர் கையிலிருந்த புத்தகத்தைத் திறந்து அந்த இடத்தைத் தேட ஆரம்பித்தார்கள். அவள் இறங்கி வந்து உட்கார்ந்தாள். கை தட்ட யாருக்கும் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"என்ன சொன்னாங்க?" என்றார் அவர்.

"ஆளுக்கொண்ணு சொன்னாங்க. அது முடியல, வாசல் வரைக்கும் சண்டை போட்டுக்கிட்டு வந்தாங்க."

"எனக்கு ஒண்ணு தோணுது. அவனுக்கு எல்லாம் தெரியும்மா. தெரிஞ்சுதான் ஓடினான். அப்பன் மூஞ்சியப் பார்த்ததும் வாய் வரல. நீ அந்த இடத்தை இன்னொரு தடவை படி, சரியான்னு பார்க்கலாம்."

அவள் அவர் பக்கத்திலேயே சாய்ந்தாள். உடம்பு அடித்துப்போட்டது போல இருந்தது. "நாளைக்குக் காலையில படிக்கிறேன். அதையே படிக்கிறேன். இப்ப நீங்க சொல்லுங்க, ஏன் அப்படித் தோணுது?"

அவர் சொல்லத் தொடங்கினார். நடுவில் நிறுத்தி, "தூங்கிட்டியா?" என்று கேட்டார்.

"இல்ல" என்றாள், கண்ணைத் திறக்காமல். "கேட்டுக்கிட்டுதான் இருக்கேன். அப்பன் மூஞ்சியப் பார்த்தான். அப்புறம்?"