ஒக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும்

என் தங்கச்சி ஆகிலாவின் மகன் றிம்சான் மாப்பிள்ளையாகப் புறப்பட்டபோது ஏறியது எங்கள் ஊர் ஜுனைட்டின் ஒஸ்டின் கேம்பிரிட்ஜ் காரில். தாய்மாமன் நான், என் மொறிஸ் ஒக்ஸ்போர்டில் பலகாரத் தட்டுகளை ஏற்றிக்கொண்டு பின்னால் போனேன். இருபது வருடமாகச் சாய்ந்தமருது மாப்பிள்ளைகளைப் பெண்வீட்டில் கொண்டுபோய் விட்டது என் கார்தான். வயிறு எரிந்தது. சொல்ல வெட்கமில்லை.

எல்லாம் ஜுனைட்டின் வாய். கார் வாங்கி இரண்டு வருடம்தான், அதற்குள் கல்யாணத்துக்குக் கார் பேச வருகிறவர்களிடமெல்லாம் பெயர்க்கதை அளப்பான். மொறிஸ் கம்பனி தொடங்கிய ஊர் ஒக்ஸ்போர்ட், அதனால் அந்தப் பெயராம். அதற்கு இளைய கார் மைனராம். ஒஸ்டின்காரர்கள் டெவன், சமசெற், கேம்பிரிட்ஜ் என்று இங்கிலாந்தின் இடங்களைத் தேடித்தேடி வைத்தார்களாம். "கேம்பிரிட்ஜ்ல பெரிய கெம்பஸ் இரிக்கி" என்று முடிப்பான். ஒக்ஸ்போர்டில் அதைவிடப் பழைய பல்கலைக்கழகம் இருப்பதை மட்டும் சொல்லமாட்டான். றிம்சான் கட்டப்போகும் மருதமுனைப் பெண் பட்டதாரி ஆசிரியை. கெம்பஸ் கதையில் அவன் விழுந்துவிட்டான்.

கொழும்பில் பழைய பார்ட்ஸ் விற்கும் ஒருவர் எனக்கு வேறொரு கதை சொல்லியிருந்தார். இரண்டு கம்பனியும் சேர்ந்த பிறகு ஒரே காரைச் செய்து, முகத்தைக் கொஞ்சம் மாற்றி, பழைய பெயர்கள் இரண்டையும் ஒட்டி விற்றார்களாம். எங்கள் இரண்டும் அந்தக் காலத்துக் கார்கள். அவனுடையதும் என்னுடையதும் ஒன்று என்று என் வாயால் சொல்வேனா?

போகும் வழியில், பாண்டிருப்பில் கேம்பிரிட்ஜ் நின்றுவிட்டது. ஜுனைட் பொனட்டைத் திறந்து, பிளக்குகளுக்குக் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் சின்ன ரோட்டரைக் கழற்றினான். வெடித்திருந்தது. மஃரிப் தொழுகைக்கு முன் பெண்வீட்டில் இருக்க வேண்டும். என்னிடம் வந்தான்.

"மச்சான், டிக்கில ரோட்டர் ஒண்டு வெச்சிருப்பாய்தானே?"

இருந்தது. புதுசு.

"அது ஒக்ஸ்போர்டுட ரோட்டர். உன்டதுக்குச் சரிவராது" என்றேன், றிம்சானுக்கும் கேட்கும்படி.

ஜுனைட் என்னைப் பார்த்தான். "ஓம், பேர் வேறதானே" என்றான்.

தட்டுகள் பின்னால் வந்த சொந்தக்காரர்களின் வேனுக்கு மாறின. றிம்சான் என் பின்சீட்டில் ஏறினான். நீயும் வா என்று ஜுனைட்டை நானே கூப்பிட்டேன். பெண்வீட்டார் பார்க்க அவன் என் காரிலிருந்து இறங்க வேண்டும். கேம்பிரிட்ஜை ஓரத்தில் பூட்டிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். இருபது வருடத்தில் நான் அவ்வளவு ஆசையாய்க் கார் ஓட்டியதில்லை.

"புழுங்குது மாமா" என்றான் றிம்சான், கோட்டுக்குள் வியர்த்தபடி.

முன்கதவின் முக்கோண மூலைக் கண்ணாடி லேசில் திறக்காது. கொளுக்கியின் அடியிலுள்ள குமிழை அழுத்திக்கொண்டே திருப்ப வேண்டும். என் மனைவிக்கே இன்னும் அது பிடிபடவில்லை.

அதுவரை ஒருநாளும் என் காரில் ஏறியிராத ஜுனைட், ரோட்டைப் பார்த்தபடியே கையை நீட்டினான். குமிழை அழுத்தித் திருப்பினான். கண்ணாடி திறந்து காற்று வந்தது. அவன் கையை எடுக்கவில்லை.