கிச்சுரிக்குத் தொட்டுக்கொள்ள

நேந்திரங்காய் சிப்ஸ் போடுகிறவர் காயை முன்கூட்டியே வெட்டி வைப்பதில்லை. சீவுகட்டையைக் காய்ந்த எண்ணெய்க்கு மேலேயே பிடித்துச் சீவுவார். வில்லைகள் ஒன்றோடொன்று ஒட்ட நேரமிருக்காது. பிறகு ஒரு கரண்டி உப்புத்தண்ணீரை அந்த எண்ணெயிலேயே விடுவார். சடசடவென்று பொங்கும். தண்ணீர் ஆவியாகிச் சத்தம் அடங்கினால் உப்பு ஏறிவிட்டது, சிப்ஸ் முறுகிவிட்டது என்று பொருள். கொல்கத்தா லேக் மார்க்கெட் கடை வாசலில் மிருதுளா எப்போதும் அந்தச் சத்தம் அடங்கும்வரை நிற்பாள்.

ஈரோட்டில் அப்பாவோடு நின்று பழகியது. பள்ளியில் மார்க் குறைந்த நாட்களில் அப்பா திட்டமாட்டார். ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடைக்குப் போவார். "மொதல்ல சாப்புடு கண்ணு, மார்க்கு எங்க போயிரும்?" என்பார். மடியில் பொட்டலம் சுடும். வீடு போய்ச் சேர்வதற்குள் அழுகை நின்றிருக்கும்.

கொல்கத்தாவுக்கு எம்.எஸ்ஸி. படிக்க வந்தபின் கை தானாக அந்தப் பொட்டலத்தைத் தேடியது. பசி மெல்ல வரும், எது கிடைத்தாலும் அடங்கும். இந்தத் தவிப்பு திடீரென்று வரும், சிப்ஸைத் தவிர வேறெதையும் கேட்காது. வித்தியாசம் அவளுக்கே தெரியும். தெரிந்தும் தெருவிலேயே தின்று முடித்து, விடுதியில் வயிறு சரியில்லை என்று சொல்லிப் படுத்துவிடுவாள்.

அறைத்தோழி சுப்ரியா கரக்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த தமிழ்ப் பெண். அன்று காலை முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள்: "தினம் நான் தனியா சாப்பிடணும்னா எதுக்கு ரூம்மேட்? இன்னிக்கும் நீ வரலேன்னா வார்டன் தீதிகிட்ட வேற ரூம் கேட்டுக்கறேன்."

அன்றுதான் செமஸ்டர் முடிவு வந்தது. ஒரு பாடத்தில் தோல்வி. மழையும் பிடித்துக்கொண்டது. தெருவில் நின்று தின்ன முடியாமல், பொட்டலத்தைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டு ஓடி வந்தாள். உணவுக்கூடத்தைத் தாண்டித்தான் மாடிப்படி. சுப்ரியா தட்டோடு உட்கார்ந்திருந்தாள்.

"கீ ரே, அதென்ன உள்ளே?" என்று வங்காளம் கலந்து கேட்டாள்.

மறைக்க வழியில்லை, துப்பட்டாவில் எண்ணெய் ஊறியிருந்தது. இனி அறை மாறிவிடுவாள் என்று நினைத்தபடியே மிருதுளா பொட்டலத்தை நீட்டினாள்.

"சிப்ஸா! அடிப்பாவி, இதைத் தின்னுட்டுத்தான் வயிறு சரியில்லையா?" சுப்ரியா பிடுங்கிக்கொண்டாள். "மழைன்னு கிச்சுரி போட்டிருக்காங்க. தொட்டுக்க ஒரு பாஜா கிடையாது. பொரிச்சது இல்லாம எந்த பெங்காலி கிச்சுரி சாப்பிடுவா?"

"நீ பெங்காலியா?"

"நாக்கு பெங்காலி. உட்காரு."

அரிசியையும் வறுத்த பாசிப்பருப்பையும் சேர்த்துக் குழைய வேகவைப்பதுதான் கிச்சுரி. அத்தனை குழைவுக்குப் பக்கத்தில் மொறுமொறுவென்று ஒன்று இருந்தால்தான் அடுத்த வாய் இறங்கும்; கத்தரிக்காயோ, உருளைக்கிழங்கோ, அப்பளமோ. சுப்ரியா பொட்டலத்தைப் பிரித்துப் பக்கத்து மேசைக்கும் நீட்டினாள். நாலா பக்கமிருந்தும் கைகள் வந்தன. மிருதுளாவின் தட்டில் ஏழெட்டு வில்லைகள் மிஞ்சின. ஒரு வாய் கிச்சுரி, ஒரு கடி. கொஞ்ச நேரத்தில் கை அதுவாகவே நின்றது.

"ஒரு பேப்பர் போயிருச்சு," என்றாள்.

சுப்ரியா மெல்வதை நிறுத்தினாள். "அப்பாகிட்ட சொன்னியா?"

"இல்ல. உங்கிட்டதான் மொதல்ல."

"சரி, அழு. சாப்பிட்டுக்கிட்டே அழாதே, புரையேறும்."

மிருதுளா தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அழுதாள். சுப்ரியா சாப்பிடாமல் காத்திருந்தாள்.