அப்பாவின் கோடு

1

இந்தக் கதையை என் மனைவியின் தோளுக்குப் பின்னால் நின்று திருடினேன். அவள் கணினித் திரையில் ஒரு பச்சைக் கோடு ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. "என்னது அது?" என்றேன்.

"அப்பா," என்றாள்.

கதை எழுதிப் பிழைக்கிறவன் இதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருப்பானா?

2

முதல் வரிக்கு நான் பட்ட பாடு:

'தூரத்து நகரமொன்றில், தனிமையின் பெரும் பாரத்தைச் சுமந்தபடி ஒரு முதியவர்...'

("எங்கப்பா எந்த பாரத்தையும் சுமக்கல. ஜாலியா இருக்கார்," என்றாள் மனைவி. அடித்துவிட்டேன்.)

நேராகவே சொல்கிறேன். மாமனார் வேறு ஊரில் தனியாக இருக்கிறார். ஒரு வாரப் பத்திரிகைக்குக் குறுக்கெழுத்துப் புதிர் செய்து தருகிறார். ஓய்வுபெற்ற பிறகு அடம்பிடித்து ஜாவா என்ற கணினி மொழியைக் கற்றுக்கொண்டு, கட்டங்களில் சொற்களைப் பொருத்திப் பார்க்கத் தானே ஒரு நிரல் எழுதினார். அது திடீரென்று ஆமை வேகத்துக்கு இறங்கியது. மகளிடம் புகார் போனது. எங்கோ ஓடும் ஜாவா நிரல்கள் ஏன் மூச்சுவாங்குகின்றன என்று இங்கிருந்தே கண்டுபிடிப்பதுதான் அவள் தொழில்.

3

(தொழில்நுட்பம் பிடிக்காதவர்கள் இதைத் தாண்டிப் போகலாம். அப்புறம் கதை புரியவில்லை என்று என்னைத் திட்டக் கூடாது.)

ஜாவா நிரல், ஜேவிஎம் என்கிற மெய்நிகர் எந்திரத்துக்குள் ஓடும். தூரத்திலிருந்து அதைக் கவனிக்க வேண்டுமென்றால், அது தொடங்கும்போதே சொல்லிவைக்க வேண்டும்: இந்த எண்ணில் ஒரு போர்ட்டை, அதாவது வாசலைத் திற, வருகிறவரிடம் கடவுச்சொல் கேள். அப்பாவின் கணினியில் அப்படி அமைத்தாள். அதை ஊருக்கே திறந்துவிட முடியாதே! அதனால் தன் கணினியில் அதே எண்ணில் ஒரு வாசல் வைத்து, அங்கிருந்து அப்பாவின் கணினிவரை மறைவாக ஒரு சுரங்கவழி போட்டாள். இங்கே தட்டினால் அங்கே திறக்கும். நிரலின் நினைவகம் நிரம்பினால் கோடு ஏறும், பயன்முடிந்த தகவல் குப்பையை அது கூட்டித் தள்ளினால் இறங்கும்.

கோளாறை மறுநாளே சரிசெய்துவிட்டாள். சுரங்கத்தை மட்டும் மூடவில்லை.

4

இந்த இடத்தில் என் கதாநாயகி மேல் எனக்கே சந்தேகம் வந்தது. தினமும் அப்பாவிடம் அரைமணி நேரம் அரட்டை அடிக்கிறவள், கோடு வந்ததும் போன் செய்வதையே நிறுத்திவிட்டாள். வாசகர் நம்புவாரா? அவளிடமே கேட்டேன்.

"எழுதிக்கோ," என்றாள். "வேலை போச்சுன்னு எழுதிக்கோ."

அந்த மாதம்தான் அவள் குழுவையே அலுவலகம் கலைத்திருந்தது. "என் குரலை வெச்சே கண்டுபிடிச்சிடுவார். அப்புறம் அவருக்குத் தூக்கம் வராது."

கோடு கேள்வி கேட்காது. காலையில் அது அசைவதைப் பார்ப்பாள். "அப்பா எழுந்துட்டார், வேலையை ஆரம்பிச்சாச்சு," என்பாள். அத்தோடு சரி. நானும் மாமனாருக்குப் போன் செய்து சொல்லவில்லை.

5

ஒரு மாலை மாமனாரே கூப்பிட்டார். மனைவி காய் நறுக்கிக்கொண்டிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"கண்ணு, பதறாதே. குளியலறையில வழுக்கி விழுந்துட்டேன். மணிக்கட்டுல கட்டு. நீ பயப்படுவேன்னுதான் இவ்வளவு நாளா சொல்லல. கம்ப்யூட்டரைத் தொட்டே ரொம்ப நாளாச்சு."

"என்னப்பா சொல்றீங்க? இன்னிக்குக் காலையிலகூட ஓட்டினீங்களே! நான் பார்த்தேனே!"

"எங்கம்மா ஓட்டறது? ப்ளக்கையே பிடுங்கி வெச்சிருக்கேன்."

கத்தியை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள். கோடு ஏறிக்கொண்டிருந்தது.

நடந்தது இதுதான். சுரங்கம் போடுவதற்கு முன்பே, கோளாறைச் சோதிக்க அப்பாவின் நிரலை அப்படியே பிரதியெடுத்து, அதே எண், அதே கடவுச்சொல்லோடு தன் கணினியிலும் ஓடவிட்டிருந்தாள். அதை நிறுத்த மறந்துபோனாள். வாசல் எண்ணை அந்தப் பிரதி பிடித்துக்கொண்டதால் சுரங்கவழிக்கு இடமில்லை; அவள் தட்டியபோதெல்லாம் திறந்தது பிரதியின் வாசல்தான். சுரங்கம் அமையவில்லை என்று திரையில் வந்த ஒற்றை வரி எச்சரிக்கையை அவள் கவனிக்கவில்லை.*

"அப்போ இத்தனை நாளா யாரைப் பார்த்துட்டிருந்தே?"

"என்னையேதான்ப்பா," என்றாள். "என் மெஷினையேதான் பார்த்துட்டிருந்திருக்கேன்."

நன்றாகத் திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"சரி, நீயாவது நல்லா இருந்தியா, கண்ணு?" என்றார்.

* யாரும் தொடாத நிரலின் கோடும் ஏறி இறங்கும். நாம் எட்டிப் பார்ப்பதே அதற்குக் கொஞ்சம் வேலை வைக்கும்.

6

நான் எழுதிப் பார்த்த முடிவுகள்:

(அ) ஓவென்று அழுது எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறாள். அவர் அடுத்த பேருந்திலேயே... (கட்டுப் போட்ட கையோடு பெட்டியை எப்படித் தூக்குவார்? வேண்டாம்.)

(ஆ) 'நல்லாத்தான் இருக்கேன்ப்பா' என்கிறாள். அவர் நம்பியதுபோல்...

(மனைவி இரண்டையும் படித்தாள். "உனக்கு எதுக்கு இந்த வேலை?" என்று மட்டும் கேட்டாள்.)

உண்மையில், ஸ்பீக்கரை அணைத்துவிட்டுப் போனோடு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கதவில் காதை வைத்துக் கேட்டிருக்கலாம். சத்தியமாகக் கேட்கவில்லை. வெகுநேரம் கழித்து மூக்கை உறிஞ்சியபடி வந்தாள், நேராகக் கணினியிடம் போய்த் தன் பிரதியை நிறுத்தினாள். கோடு அறுந்தது. அன்றிலிருந்து தினமும் அரைமணி நேரம் போன்தான்.

என்ன பதில் சொன்னாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எல்லாம் நல்லபடியாகப் போகிறது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அந்தக் கோடு தினமும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

"அப்பா, ....................."