லாரிக்குக் கேட்ட ஏல்

லாரியின் இன்ஜினைக் கொன்றது நான்தான். ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலையேற்றத்தில், முதுகில் உருளைக்கிழங்கு மூட்டைகளோடு, ஒருமுறை செருமிவிட்டு நின்றது. பிறகு அசையவில்லை.

காலையில் எங்கள் முகாம் பட்டறையின் ஜெர்மன் மெக்கானிக் வில்கே தெளிவாகத்தான் சொன்னார்: "ஏல்." ஜெர்மனில் அது எண்ணெய். நார்வேக்காரனான என் காதுக்கு அது பீர். பாவம், மனுஷனுக்குத் தாகம் என்று கேன்டீனிலிருந்து ஒரு பாட்டில் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்தார். லாரிதான் தாகத்தோடு கிளம்பியது.

"ஜெர்மன்காரன் அஞ்சு வருஷம் நம்மள ஆண்டான். அவன்கூட நம்ம வண்டிய இப்படிக் கெடுக்கலடா, டூர்ஃபின்," என்றார் சார்ஜென்ட். "போ, வில்கேகூட உக்காந்து இன்ஜினைப் பிரி."

பிரித்தோம். வெளியே ஓயாத மழை. போர் முடிந்து, தோற்ற நாட்டை ஆளப் போகிறோம் என்று கப்பலேறியவன் நான். வந்து காவல் நின்றேன், கிழங்கு உரித்தேன். சொந்த வேலை ஒன்றே ஒன்று: பார்க்கிற ஜெர்மன்காரரிடமெல்லாம், நார்வேயில் இருந்தீர்களா என்று கேட்பது. போரில் பின்வாங்கியபோது ஜெர்மன் படையினர் நார்வேயின் வடக்கே எங்கள் ஊர்களை வீடு விடாமல் கொளுத்திவிட்டுப் போனார்கள். அம்மா இன்னும் பலகைக் கொட்டகையில்தான் இருக்கிறாள். 'ஆமாம், செய்தேன்' என்று ஒருத்தர் வாயால் கேட்டால் போதும். ரொட்டிக்கடைக்காரர் பிரான்சில் இருந்தாராம். தபால்காரருக்குத் தட்டைப் பாதமாம், பட்டாளமே பார்க்கவில்லையாம். வில்கே இருந்தது இத்தாலியிலாம். எங்கள் ஊரைப் பனிக்கரடிகள்தான் கொளுத்தியிருக்க வேண்டும்.

"ஏங்க வில்கே, எண்ணெய் கேட்டீங்க, பீரை நீட்டினேன். இது என்னன்னு ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

"உங்க பாஷையில அதுக்கு அதானே பேரு, தம்பி. ஓசில வந்த பீரை எவனாவது திருத்துவானா?"

இருவரும் சிரித்தோம். எனக்குத்தான் முதலில் சிரிப்பு நின்றது.

"இத்தாலில நார்வே பாஷை யாருங்க பேசுறா?"

அவர் பிஸ்டனைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார்.

"பட்டறைக்கு வர்ற உங்க பசங்க பேசுவாங்களே, அதைக் கேட்டு..."

"யாரையும் புடிச்சுக் குடுக்க எனக்குத் தெம்பு இல்ல, வில்கே. கேட்டதுக்குப் பதில் மட்டும் சொல்லுங்க."

"எந்த ஊரு உங்களுக்கு?"

சொன்னேன். அவர் துணியைக் கீழே வைத்தார்.

"அங்க நான் வரல. அதுக்கு அடுத்த ஊரு. மீன் கிட்டங்கில ஆரம்பிச்சு சர்ச் வரைக்கும். தீக்குச்சி என் கையிலதான் இருந்துது."